நான் ‘இல்லை’ என்று மொழிபெயர்த்தது

அம்மா அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது பேருக்கான சோறு. எங்கள் பாரக் வீட்டை ஒட்டி அப்பா இறக்கிக் கொடுத்த தகரச் சாய்ப்புக்குள் இரண்டு அடுப்புகள், ஆள் உயரத்துக்கு ஆவி. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டுத் தாராவியில் வேலை செய்த திருநெல்வேலிக்காரர்களுக்கு மாதக் கணக்கில் சாப்பாடு போடும் கானாவளி அம்மாவுடையது. மாட்டுங்கா லேபர் கேம்பில் பூவம்மா கானாவளி என்றால் போஸ்ட்மேனுக்கும் தெரியும், போலீஸ்காரனுக்கும் தெரியும்.

அந்த ஆவிக்கு நடுவே ஒரு முக்காலியில் டாக்டர் ஹெலன் வார்டு உட்கார்ந்திருந்தார். லண்டன்காரர். காட்டன் சேலை உடுத்தி, முந்தானையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் சுருட்டி வைத்திருந்தார். அதன்மேல் அட்டையில் கோத்த படிவம். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக நான் நின்றிருந்தேன்.

பதினோராம் கேள்வி வந்தது.

“அம்மா, தெனமும் கண்ண மூடி தியானம் பண்ணுதியான்னு கேக்காவ.”

அம்மா பானையைச் சரித்த கையை எடுக்காமல் சொன்னாள்: “கண்ண மூடுனா சோறு கொழஞ்சிரும்னு சொல்லு. இந்த நாப்பது பேரும் வந்து உக்காந்து மொதக் கவளத்த வாயில வைப்பாம் பாரு, அப்ப ஒரு நிமிசம் ஒருத்தன் பேச மாட்டான். அந்த ஒரு நிமிசம் நானும் கரண்டியக் கீழ வச்சிட்டுச் சும்மா நிப்பேன். மனசுல ஒண்ணும் இருக்காது. அதுக்குப் பேரு தியானமான்னு அந்த அம்மாகிட்டயே கேளு.”

நான் ஹெலனிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஒரே சொல் சொன்னேன்.

“இல்லை.”

அவர் குறித்துக்கொண்டார்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைக் கொஞ்சம் நல்லவளாகவே காட்டி வந்திருக்கிறேன். இந்த வாரம் அது முடியாது.

பாலி படித்த கதை

போன வாரம் டைப்ரைட்டிங் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதும் சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “தோல் பதனிடும் தொழிலாளியின் மகளுக்குப் பாலி மொழி எங்கிருந்து வந்தது?”

பக்கத்துப் பாரக்கிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

எங்களுக்கு வலப்பக்கமும் எதிர்ப்பக்கமும் மராட்டிக்காரர்கள். அவர்கள் குடும்பம் குடும்பமாகப் பௌத்தத்துக்கு மாறியபோது, எங்கள் வரிசையில் இருந்த தமிழர்களில் ஒரு சிலரும் மாறினார்கள். அப்பா முதலில் யோசித்தார். அம்மா யோசிக்கவில்லை. தீட்சைக்கு உடுத்த வேண்டிய வெள்ளைச் சேலையைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு, எங்களையும் இழுத்துக்கொண்டு மதம் மாறும் இடத்தில் போய் நின்றாள். திரும்பி வந்த அன்றே எங்கள் வரிசைப் பெண்களுக்கான எழுத்து வகுப்பில் சேர்ந்தாள். மூன்று மாதத்தில் தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டு, “இது போதும், மிச்சத்த எம் மவ எழுதுவா” என்று நின்றுகொண்டாள்.

பிறகு நான் கல்லூரிக்குப் போனபோது, இரண்டாம் மொழியாக எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் பாலி எடுத்தார்கள். நானும் எடுத்தேன். எடுத்த பிறகுதான் அது பிடித்துப்போயிற்று. பாலியில் ‘துக்கம்’ என்பது ‘துக்க’ என்றே இருந்தது. அந்தச் சொல்லுக்கு நான் அகராதி பார்க்க வேண்டியிருக்கவில்லை.

எம்.ஏ. படித்துக்கொண்டே டைப் அடிக்கும் வேலையும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஹெலன் வந்தார். அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆய்வாளர்; அதோடு தாமும் பௌத்தம் தழுவியவர். லண்டனில் ஒரு சிறு சங்கத்தில் சேர்ந்து, கிறிஸ்தவத்தை விட்டு வந்தவர். இந்தியாவில் இவ்வளவு பேர் மொத்தமாகப் பௌத்தர்களாகியிருக்கிறார்களே, அவர்களைப் பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார். தமிழ் வீடுகளுக்கு மொழிபெயர்க்க ஆள் கேட்டபோது, கல்லூரியில் என்னைக் கைகாட்டிவிட்டார்கள்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழாயடிச் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். எந்த வீட்டில் டீ கொடுத்தாலும் குடிப்பார். ஆனால் அவருடைய படிவத்தில் கேள்விக்கு எதிரே இரண்டே கட்டங்கள் இருந்தன: ‘ஆம்’, ‘இல்லை’. முப்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் இருபது கேள்விகள். மூன்றாம் வீட்டிலேயே நான் கட்டங்களுக்குத் தகுந்த மாதிரி மொழிபெயர்க்கப் பழகிவிட்டேன்.

அம்மாவின் பதிலை ஏன் வெட்டினேன்? சோம்பல் ஒரு பாதி. வெட்கம் மறு பாதி. படித்த வெள்ளைக்காரப் பெண்ணின் முன்னால் என் அம்மா சோற்றையும் தியானத்தையும் சேர்த்துப் பேசியது எனக்குக் கூச்சமாக இருந்தது.

பதினான்காம் எண்

ஹெலன் மாட்டுங்காவில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கருத்தரங்கில் படிக்கவேண்டிய கட்டுரையை டைப் அடித்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மாட்டுங்காவிலேயே ஒரு மண்டபத்தில், சமய ஆராய்ச்சிக்காரர்கள் கூடும் இரண்டு நாள் கருத்தரங்கு அது. புனாவிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பேராசிரியர்கள் வருகிறார்கள் என்று பேச்சு.

ஆறாம் பக்கத்தில் இது இருந்தது:

“எண் பதினான்கு. பெண். நடுத்தர வயது. தொழில், சமையல். தியானப் பயிற்சி இல்லை. பழைய தெய்வத்தின் படத்தை இன்னும் வைத்திருக்கிறார். பெயரளவில் பௌத்தர்.”

முடிவுரை இன்னும் மோசம். மேற்கில் பௌத்தம் தழுவுகிறவர்கள் தனித்தனியாக, படித்து, சிந்தித்து, உள்தேடலால் வருகிறார்கள்; இங்கே வந்தவர்கள் கூட்டமாக, சமூகக் காரணத்துக்காக வந்தவர்கள்; ஆகவே முன்னது சமய மாற்றம், பின்னது பெயர் மாற்றம் என்று மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே டிராம் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிராம் நின்றுபோய், கம்பிகளை மட்டும் எடுக்காமல் வைத்திருந்த காலம்.

ஹெலன்மேல் வந்த கோபம் வீடு போய்ச் சேரும்வரை நன்றாக இருந்தது. வாசலில் அம்மா கேட்டாள்.

“ஏட்டி கனி, என்னப் பத்தி என்ன எழுதியிருக்காவ அந்த அம்மா?”

“நல்லாத்தான் எழுதியிருக்காவ.”

“அதுக்குப் பேரு தியானமான்னு நாங் கேக்கச் சொன்னேம்லா, அதுக்கு என்ன சொன்னாவளாம்?”

நான் முகம் கழுவப் போவதுபோல உள்ளே போய்விட்டேன். கோபம் யார்மேல் இருக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது. ஹெலன் தன் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். அவர் காதில் விழவேண்டியதை விழாமல் செய்தவள் நான். முப்பது வீட்டுக்காரர்களும் என்னை நம்பித்தான் கதவைத் திறந்தார்கள்.

அன்று மாலையே நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தேன். முப்பது வீடுகளிலும் யார் என்ன சொன்னார்கள், நான் எதை வெட்டினேன் என்று. ஞாபகம் வராத இடத்தில் அந்தந்த வீட்டுக்கே திரும்பிப் போய்க் கேட்டேன். “அன்னைக்கே சொன்னேன்லா?” என்று திட்டிக்கொண்டே எல்லாரும் மறுபடி சொன்னார்கள்.

இது பாதிதான் என்று பட்டது. எங்களை மேற்கத்தியப் பௌத்தர்களோடு ஒப்பிட்டிருந்தார் ஹெலன். சரி. அந்த மேற்கத்தியப் பௌத்தர்களிடம் இந்தப் படிவத்தை யார் நீட்டினார்கள்?

என் பையில் நானே சைக்ளோஸ்டைல் எடுத்த படிவங்கள் பத்துப் பன்னிரண்டு மிச்சம் இருந்தன.

செம்பூரில் ஓர் இழுப்பறை

பம்பாயில் அப்போது பௌத்தம் தழுவிய வெள்ளைக்காரர்கள் ஐந்தாறு பேராவது எனக்குத் தெரிந்தே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெலன் அவர்களோடு தியானத்துக்கு உட்காரப் போவார். ஒருவர் கப்பலில் வயர்லெஸ் பார்ப்பவர். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். அவர்களில் எனக்கு மறக்காதவர் செம்பூரில் இருந்த மிஸஸ் யான்சன். ஹாலந்துக்காரர். கணவர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் எஞ்சினியர்.

குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கி, அந்த எண்ணெய் வாடையில் நடந்து போனேன். படிவத்தை நீட்டியதும் அவர் சிரித்தார்.

“ஹெலன் இதை உங்கள் ஜனங்களிடம் அல்லவா கேட்டாள்?”

“ஆமாம். இப்போது உங்களிடம் நான் கேட்கிறேன்.”

என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தினமும் தியானம் உண்டா? வேலைக்காரி லீவு போடாத நாள்களில். பழைய பண்டிகைகளைக் கொண்டாடுகிறீர்களா? கிறிஸ்துமஸுக்கு மரம் வைக்காமல் எப்படி, கணவர் கோபித்துக்கொள்வாரே. பழைய மதத்தின் பொருள் எதையாவது வைத்திருக்கிறீர்களா?

மிஸஸ் யான்சன் எழுந்துபோய் அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு வெள்ளிச் சிலுவை.

“என் அம்மாவுடையது. இதை எங்கே கொண்டுபோய்ப் போடச் சொல்கிறாய்?”

என் பேனா அப்படியே நின்றது. எங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய துணியில் சுற்றி ஒரு சாமி படம் இருக்கிறது. ஊரிலிருந்து ரயிலேறும்போது அம்மா மடியில் வைத்துக் கொண்டுவந்தது. இதே கேள்விக்கு அம்மா சொன்னது: “கும்பிடல. ஆனா நம்மளோட ஊர்லேருந்து கெளம்பி வந்ததாச்சே, எங்க கொண்டுபோயிப் போடச் சொல்லுதாவ?” நான் அதை ‘ஆம், வைத்திருக்கிறார்’ என்று மொழிபெயர்த்திருந்தேன்.

படிவத்தை மூடிவிட்டு, அதில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

“எதை விட்டு வந்தீர்கள்?”

சிலுவையை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே சொன்னார். போர் முடியப்போகிற குளிர்காலத்தில் அவர்கள் ஊரில் சாப்பாடு இல்லை. டியூலிப் பூக்கிழங்கை அவித்துத் தின்றார்கள். எட்டு வயதுத் தம்பி செத்துப்போனான். அடக்கத்துக்கு வந்த பாதிரியார், “இது கடவுளின் சித்தம்” என்றார்.

“அவர் நல்ல மனிதர்தான். ஆறுதலாகத்தான் சொன்னார்” என்றார் மிஸஸ் யான்சன். “ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு என்னால் ஒரே வீட்டில் வாழ முடியவில்லை. பத்து வருஷம் கழித்து ஒரு புத்தகக் கடையில் புத்தரைப் பற்றிப் படித்தேன். அவர் யாருடைய சித்தம் என்று பேசவே இல்லை. துக்கம் இருக்கிறது என்று மட்டும் ஆரம்பித்தார். அங்கேயே நின்று அழுதேன்.”

திரும்பும் வண்டியில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. எனக்கு மூத்ததாக அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ஊரில் காய்ச்சல் கண்டு, வண்டி கேட்டு, எங்களை ஏற்றினால் வண்டி தீட்டு என்று யாரும் தராமல், தூக்கிக்கொண்டு நடந்து, பாதி வழியில் போய்விட்டது. அம்மா அதை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். “செத்த பிள்ளையக் கையில வச்சிட்டு நிக்கேன். வண்டி தரமாட்டேன்னவன் சொல்லுதான், போன பொறப்புல செஞ்சது, ஒந் தலையெழுத்துன்னு. அன்னைக்கே அந்தச் சாமிய விட்டுட்டேன் நான். பம்பாயில வந்து மாறுனது சும்மா பேருக்கு.”

ஹாலந்திலும் திருநெல்வேலிச் சீமையிலும் இரண்டு பெண்கள். இருவரிடமும் செத்த குழந்தையின் முன்னால் நின்று ஒருவன் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறான். இருவரும் அந்த வாக்கியத்தைத்தான் விட்டு வந்தார்கள்.

மாட்டுங்காவில் இறங்க மறந்து தாதர் போய்த் திரும்பினேன்.

படிவம் ஹெலனிடம்

நிரப்பாத கடைசிப் படிவத்தை ஹெலனிடம் கொடுத்தேன். கூடவே நான் எழுதி முடித்த பன்னிரண்டு பக்கக் கட்டுரையையும், நான் வெட்டிய பதில்கள் எல்லாம் அடங்கிய நோட்டையும் வைத்தேன்.

“நான் உங்களுக்குத் தப்பாக மொழிபெயர்த்திருக்கிறேன். முதலில் நோட்டைப் படியுங்கள்” என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “கருத்தரங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது சொல்கிறாயே!” என்றார். பிறகு படிவத்தைப் பார்த்தார். “இது எனக்கா? இது துடுக்குத்தனம், கனி.”

“எங்கள் வீட்டில் யாரும் உங்களை அப்படிச் சொல்லவில்லை, மேடம்.”

இரண்டு நாள் ஹெலன் எனக்கு ஆள் அனுப்பவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால், கானாவளியில் நாற்பது பேரும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுப்போரம் அம்மா. அவள் பக்கத்தில், மொழிபெயர்க்க ஆளில்லாமல் தனியாக வந்த ஹெலன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். ஹெலனும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் கவளம் உள்ளே போனது. தகரக் கூரையில் மழை. ஒருவரும் பேசவில்லை.

பிறகு யாரோ “எக்கா, ரசம்” என்றார். அம்மா கரண்டியை எடுத்தாள்.

ஹெலன் என்னைப் பார்த்ததும் பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மை பேனாவால் ஒழுங்காக நிரப்பியிருந்தார். தியானம்: வாரத்தில் மூன்று நாள், அதில் ஒரு நாள் தூங்கிவிடுகிறேன். பண்டிகை: கிறிஸ்துமஸ் புட்டிங் உண்டு. குடும்பம்: நான் இன்னும் சர்ச்சுக்குப் போவதாகவே என் தாயார் நம்புகிறார்.

அடியில் எழுதியிருந்தார்: “பெயரளவில் பௌத்தர்.”

“என் படிவத்தில் நானே தேறவில்லை” என்றார். “நீ எழுதியதைக் கருத்தரங்கில் நீதான் படிக்க வேண்டும். எனக்கு முன்னால்.”

தகுதி

கருத்தரங்கின் செயலாளர் திரு. சேஷாத்ரி. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஆபீஸ் குடும்பம். என் கட்டுரையை நின்றபடியே முழுதும் படித்தார். அது பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது.

“நன்னா எழுதியிருக்கேம்மா. பொய் சொல்லலே. ஆனா கட்டுரை வாசிக்கிறவா ஏதாவது ஒரு இன்ஸ்டிடியூஷனைச் சேர்ந்தவாளா இருக்கணும்னு ரூல் இருக்கு. நீ இன்னும் ஸ்டூடண்ட். இண்டர்பிரட்டர்னு வேணா பேர் போட்டுக்கறேன்.”

பக்கத்தில் நின்ற ஹெலனுக்கு நான் இதை மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை ஒரு சொல் வெட்டவில்லை.

“அப்படியானால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்” என்றார் ஹெலன்.

சேஷாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லண்டனிலிருந்து வந்த ஒரே ஆள் அவர். கடைசியில், “ரெண்டு பேருக்கும் சேர்த்து நாப்பது நிமிஷம். யார் எவ்வளவு பேசறேள்னு நான் கேக்கப் போறதில்லே” என்றார்.

கருத்தரங்கன்று காலை அம்மா கானாவளிக்காரர்களிடம், “இன்னைக்கு ஒரு மணி நேரம் லேட்டாத்தான் சோறு. எம் மவ பேசுதா” என்று சொல்லியிருக்கிறாள். அவர்களோ சோற்றுக்குக் காத்திருக்காமல் கூடவே கிளம்பிவிட்டார்கள். நாற்பது பேர், சலவைச் சட்டையில். எங்கள் வரிசைப் பெண்கள் வெள்ளைச் சேலையில். மராட்டிப் பக்கத்து வீட்டார். மண்டபத்தின் பின்பாதி நிறைந்து, சுவரோரம் நிற்கவும் ஆள் இருந்தது. வாசலில் இருந்த ஆள் தடுக்கப்போனபோது சேஷாத்ரியே, “விடுப்பா, விடு” என்றார்.

நான் செய்த தவறைத்தான் முதலில் படித்தேன்: இந்த ஆய்வின் முதல் தரவுகளில் பிழை இருக்கிறது, பிழை மொழிபெயர்ப்பாளருடையது, அந்த மொழிபெயர்ப்பாளர் நான். பிறகு செம்பூரும் லேபர் கேம்பும். இழுப்பறையும் டிரங்குப் பெட்டியும். இரண்டு சாவு, ஒரு வாக்கியம்.

ஒரு மனிதர் பௌத்தத்தில் எதை எடுத்துக்கொண்டார் என்று மட்டும் கேட்டால், மேற்கத்தியர் ஒரு மாதிரியும் நாங்கள் ஒரு மாதிரியும் தெரிகிறோம். எதை விட்டு வந்தார் என்று கேட்டால் ஒரே வரிசையில் நிற்கிறோம் என்று முடித்தேன்.

முன்வரிசையில் ஒரு பேராசிரியர் எழுந்தார். குரல் தணிவாக, மரியாதையாக, கத்தி மாதிரி இருந்தது.

“தலைவிதியை மறுத்து வந்தார்கள் என்கிறீர்கள். பௌத்தத்திலும் கர்மம் உண்டே, குமாரி? பாலி படித்தவர் இதை மறந்துவிட்டீர்களா?”

பின்வரிசைகளுக்கு ஆங்கிலம் புரியவில்லை. கேட்ட தொனி புரிந்துவிட்டது. சலசலப்பு அடங்கியது. ஹெலன் என்னைப் பார்த்தார். உதவிக்கு எழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி.

“மறக்கவில்லை ஐயா” என்றேன். “புத்தர் துக்கத்துக்குக் காரணம் உண்டு என்றார். அந்த வாக்கியத்தை அங்கே நிறுத்தவில்லை. காரணம் உண்டு, ஆகவே அதை நீக்க வழியும் உண்டு என்றார். காரணம் உண்டு, ஆகவே சும்மா கிட என்று சொன்னவன் வண்டிக்காரன். இந்த இரண்டு பெண்களும் பாலி படிக்காமலே அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். நான் படித்தும் அதைக் கண்டுபிடிக்க செம்பூர்வரை போக வேண்டியிருந்தது.”

பேராசிரியர் நின்றபடியே யோசித்தார். பிறகு, “என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்” என்று உட்கார்ந்தார். முதலில் கை தட்டியவர் சேஷாத்ரி. எனக்கே நம்ப முடியவில்லை.

தலைமை வகித்த பெரியவர் பின்வரிசையைப் பார்த்து இந்தியில் கேட்டார், அந்தப் பதினான்காம் நம்பர் அம்மா வந்திருக்கிறார்களா என்று.

அம்மா எழுந்தாள். மண்டபமே திரும்பியது.

“நம்பர் நை, சாப்” என்றாள் தன் தாராவி இந்தியில். “நாம் ஹை. பூவம்மா.” நம்பர் இல்லை, பெயர் உண்டு என்று.

பெரியவர் எழுந்து நின்று கை கூப்பினார். அதன்பிறகு எழுந்த கைதட்டலில் எங்கள் நாற்பது பேர் விசில் அடித்ததை ஆராய்ச்சிக் கருத்தரங்கு முறைப்படி சரி என்று சொல்ல முடியாது.

டைரக்டருக்கு ஒரு கடிதம்

கட்டுரைகளைத் தொகுத்து அச்சிடும்போது சேஷாத்ரி கல்லூரிக்கே என்னைத் தேடி வந்தார்.

“பேருக்குக் கீழே இன்ஸ்டிடியூஷன் போடணும். அச்சகத்துல அந்த எடத்தைக் காலியா விடமாட்டேங்கறான். என்ன போட?”

“மாட்டுங்கா லேபர் கேம்ப்” என்றேன்.

அவர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். “அப்படியேவா?” என்றார். “அப்படியே” என்றேன். எழுதிக்கொண்டார்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒருநாள் முற்பகல் எங்கள் போஸ்ட்மேன் பாரக் வரிசையின் முனையில் நின்று, இங்கே டைரக்டர் யார் என்று கத்தினார்.

“அரே, டைரக்டர் கோன் ஹை இதர்? டைரக்டர்!”

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நீல உறை. விலாசம்: இயக்குநர், மாட்டுங்கா லேபர் கேம்ப், பம்பாய். குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்துக்கொண்டே அத்தனை பேரும் எங்கள் சாய்ப்பைக் காட்டினார்கள். போஸ்ட்மேன் அதை நேராக அம்மா கையில் கொடுத்துவிட்டார்.

நான் படித்துச் சொன்னேன். “மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு. தங்கள் முகாமில் உள்ள குமாரி செல்வக்கனியின் கட்டுரையைப் படித்தோம். எங்கள் நாட்டில் பௌத்தம் தழுவியவர்களைப் பற்றி அவர் ஆறு மாதம் இங்கே தங்கி ஆராய விரும்புகிறோம். அவரை முகாமிலிருந்து வெளியே செல்லத் தாங்கள் கருணை கூர்ந்து அனுமதிக்க வேண்டும்.”

எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்து, மறுகணம் நின்றது. அவர்கள் தேசத்தில் ‘லேபர் கேம்ப்’ என்றால் போர்க்காலத்தில் கைதிகளை அடைத்து வேலை வாங்கிய இடம். போர் முடிந்து இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. யாரோ ஒரு பேராசிரியர், கம்பி வேலிக்குள் ஒரு பெண் உட்கார்ந்து கட்டுரை எழுதியதாக நினைத்து, எப்படியாவது வெளியே எடுத்துவிடலாம் என்று பயந்து பயந்து எழுதியிருக்கிறார்.

“அப்ப நம்மகிட்டயா பெர்மிசன் கேக்கான்?” என்றாள் அம்மா.

“ஆமா.”

“சீமைக்காரன்?”

“ஆமாம்மா. ஒங்கிட்டத்தான்.”

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். நான் அவள் உட்கார்ந்து பார்த்ததே குறைவு.

“சரி, எழுது. அனுப்பி வைக்கோம்னு எழுது. அங்க குளிராம்லா, நல்ல கம்பளியாக் குடுக்கணும்னு எழுது. சோறு ஒரு நேரமாவது போடணும். ஆறு மாசம் முடிஞ்ச மறுநாள் இங்க இருக்கணும். எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“கொண்டா.”

பேனாவை வாங்கி, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, எழுத்து வகுப்பில் கற்ற அந்த நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாக வைத்தாள். பூவம்மா. அந்தத் தாளை நான் அப்படியே டைப்ரைட்டரில் ஏற்றி, அவள் கையெழுத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ‘டைரக்டர்’ என்று அடித்தேன்.